வேலையை விடாமல் மாதம் ஏழெட்டாயிரம் கூடுதலாகச் சம்பாதிக்க வழி உண்டா? திருப்பூர், கோவை, ஈரோடு பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

பல்லடத்தான்

வணக்கம். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பிடித்தம் போகக் கையில் 26,000 வருகிறது. வாடகை 7,500, பையன் யுகேஜி, அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும், அதுபோக பைக் தவணை. மாசக் கடைசி வாரம் யாரிடமாவது கைமாற்று வாங்கித்தான் ஓட்டுகிறேன், அடுத்த சம்பளத்தில் அதை அடைத்ததும் திரும்பப் பற்றாக்குறை. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் வேறு கட்ட வேண்டும்.

சாயங்காலம் ஏழரைக்கு வெளியே வந்தால் வீடு சேர எட்டேகால் ஆகிவிடும். ஞாயிறு லீவு, ஷிப்மெண்ட் நெருக்கடி இருந்தால் அதுவும் கிடையாது. டாலி, எக்செல், ஜிஎஸ்டி பில் போடுவது இதெல்லாம் தெரியும், பி.காம். படித்திருக்கிறேன். பைக் இருக்கிறது, கார் லைசென்சும் உண்டு. என் மனைவிக்கு பிளவுஸ் தைக்கத் தெரியும்.

இப்போது என்னிடம் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் டெலிகிராமில் ஹோட்டலுக்கு ரேட்டிங் கொடுத்தால் ஒரு ரேட்டிங்குக்கு 50 ரூபாய் என்கிறார், முதல் நாளே 150 ரூபாய் அக்கவுண்டில் வந்தும் விட்டது. இன்னொருவர் ஆப்ஷன் டிரேடிங் (பங்குச்சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் போடுவது) வகுப்புக்கு 15,000 கட்டச் சொல்கிறார். மூன்றாவது ஆள் கூடப் படித்த நண்பன், இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகச் சொல்கிறான். எதில் இறங்கலாம்? நேரடியாகச் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

ரெண்டாம் ஷிப்ட்

தம்பி, முதலில் அந்த டெலிகிராம் ஆளை பிளாக் பண்ணுங்கள். அந்த 150 ரூபாய் தூண்டிலில் மாட்டிய புழு. அதைப் பற்றி விவரமாக யாராவது எழுதுவார்கள், நான் எனக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறேன்.

நான் மில்லில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாட்களிலும் ஆக்டிங் டிரைவராகப் போகிறேன். கார் வைத்திருந்தும் தூரம் ஓட்டப் பயப்படுகிற ரிட்டயர்டு ஆட்கள், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், ஏர்போர்ட் டிராப், ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது, இதுதான் வேலை. உள்ளூர் என்றால் பகலுக்கு 800, 1,000 வரை கிடைக்கும். வெளியூர் என்றால் பேட்டா தனி, சாப்பாடு அவர்களே வாங்கித் தருவார்கள். ஏஜென்சி மூலம் போனால் அவன் ஒரு பங்கு எடுத்துக்கொள்வான். நேரடியாக நாலு குடும்பம் பழக்கமாகிவிட்டால் அதுவே போதும், அவர்களே அடுத்தவருக்கு நம்பரைக் கொடுப்பார்கள். ஆவணி, தை, வைகாசியில் வேலை நிறைய இருக்கும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் சபரிமலை சீசன் கை கொடுக்கும். ஆடி மாதம் சும்மாதான்.

கஷ்டம் என்னவென்றால் தூக்கம். திருச்செந்தூர் போய்த் திரும்பிய ராத்திரிக்கு அடுத்த நாள் காலை ஷிப்ட் ஏறக் கூடாது, ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே கண் சொக்கும். வண்டியை எடுக்கும் முன் ஆர்சி, இன்சூரன்ஸ் தேதி இரண்டையும் பாருங்கள். ஓனர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவர் வண்டியில் விபத்து என்றால் ஸ்டேஷனில் நிற்பது ஸ்டியரிங் பிடித்த ஆள்தான்.

சேலைக்கட்டு

நான் ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங்கில் இருக்கிறேன், கூடவே சேலை ரீசெல்லிங். சேலம் இளம்பிள்ளை உற்பத்தியாளர்களின் வாட்ஸப் குரூப்பில் காலையில் படங்கள் வரும். நான் என் குரூப்பில் 80 முதல் 150 ரூபாய் வரை கூட்டிப் போடுவேன். ஆர்டர் வந்து பணமும் வந்த பிறகு அவர்களுக்குப் பணம் அனுப்பினால் என் பெயரிலேயே கூரியர் போட்டு விடுவார்கள். என் கையில் ஒரு சேலைகூடத் தங்காது. சாதாரண மாதம் நாலாயிரம் நிற்கும், தீபாவளி மாதம் அதைப் போல மூன்று பங்கு.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் என்னை நம்பி வருவதற்கு ரொம்ப நாள் ஆனது. பார்சல் பிரிப்பதை ஆரம்பத்தில் இருந்து வீடியோ எடுத்தால்தான் டேமேஜ் மாற்றித் தருவோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கட்டிப் பார்த்துவிட்டுக் "கலர் வேற மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். கேஷ் ஆன் டெலிவரி வேண்டவே வேண்டாம், திரும்பி வரும் ஒரு பார்சலின் கூரியர் செலவு நாலு சேலையின் லாபத்தைத் தின்னும். ராத்திரி பதினொரு மணிக்கு "அக்கா, இதில் பச்சை இருக்கா" என்று மெசேஜ் வரும், பதில் போடாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். ஆண்கள் இதில் ஜெயிப்பது கஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் உங்களுக்கு அப்படி ஒரு பெண்கள் வட்டம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

வரிக்கணக்கு

பல்லடத்தான், உங்கள் பதிவைப் படித்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. டாலியும் ஜிஎஸ்டியும் தெரிந்த ஆள் ஏன் ரேட்டிங் போட்டு 50 ரூபாய் சம்பாதிக்க வேண்டும்?

நான் வரி ஆலோசகர் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். காதர்பேட்டையில் இருக்கிற சின்னச் சின்ன பனியன் கடைகள், பல்லடத்தில் ஹார்டுவேர், மருந்துக்கடை, கோழித்தீவனக் கடை, இவர்களுக்கெல்லாம் முழுநேர அக்கவுண்டன்ட் போடக் கட்டாது. ஆடிட்டர் ஆபீசில் பில்களைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், அங்கே ஒரு ஜூனியர் பையன் அவசரமாகப் பதிவு போடுகிறான், தப்பு வருகிறது, வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்கிற இன்புட் கிரெடிட் போகிறது. வாரம் இரண்டு ராத்திரி ஒரு மணி நேரம் வந்து பர்ச்சேஸ், சேல்ஸ் ஏற்றி, போர்ட்டலில் வருகிற 2பி அறிக்கையோடு (கடைக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில் பட்டியல்) ஒப்பிட்டு, பேங்க் ஸ்டேட்மெண்டைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஆளுக்கு மாதம் 1,500 முதல் 2,500 வரை சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மூன்று கடை பிடித்தால் நீங்கள் கேட்ட தொகை ஏறக்குறைய வந்துவிடும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்கிற கடை என்றால் விற்பனை விவரம் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், வரி கட்டுகிற 3பி 20ஆம் தேதிக்குள். உங்கள் கம்பெனியிலும் அதே நாட்களில்தான் கழுத்து நெரியும். அதனால் காலாண்டுத் தாக்கலில் இருக்கிற கடையாகப் பாருங்கள், அல்லது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் முறையில் இருக்கிற கடை. காம்போசிஷன் கடைக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் ஒரு படிவம், வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன், அவ்வளவுதான். போர்ட்டல் பாஸ்வேர்டும் ஓடிபியும் கடைக்காரர் கையிலேயே இருக்கட்டும், உங்கள் மொபைல் நம்பரை அவர் பதிவில் ஏற்றவே ஏற்றாதீர்கள். நாளைக்கு அவருக்கு நோட்டீஸ் வந்தால் உங்கள் போன்தான் அடிக்கும். பி.காம். என்பதால் பின்னாடி ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து தேர்வும் எழுதலாம், அப்போது கட்டணத்தைக் கூட்டிக் கேட்கலாம்.

கோவை ஐடி

மேலே சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். முக்கால்வாசி ஆர்டரில் "வேறு வேலையோ தொழிலோ எழுத்து அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். 2022இல் விப்ரோ 300 பேரை வேலையை விட்டு அனுப்பியது நினைவிருக்கும், அவர்கள் அதே நேரத்தில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்தார்கள் என்பதுதான் காரணம். அதே வருடம் ஸ்விக்கி தன் ஊழியர்கள் அனுமதியோடு வெளிவேலை செய்யலாம் என்று கொள்கை கொண்டுவந்தது. ஆக கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு இடத்தில் பிஎஃப் பிடித்தால் ஒரே யுஏஎன்னில் (ஆளுக்கு ஒன்றாகத் தரும் பிஎஃப் எண்) தெரிந்துவிடும். சம்பளப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் பெயர் ஏறுவது வேறு, செய்த வேலைக்குக் கட்டணம் வாங்குவது வேறு. இரண்டாவதுக்குத்தான் அனுமதி கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நூல்கண்டு

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், திருப்பூரில் நிறையப் பேர் செய்வதால். பகலில் ஒரு கம்பெனி, ராத்திரி இன்னொரு கம்பெனியில் செக்கிங், பேக்கிங் என்று போவது. ஒரு தொழிற்சாலையில் வேலை முடித்த கையோடு இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்வதைத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியம், ராத்திரி அங்கே விரல் போனால் எந்தக் கம்பெனி இஎஸ்ஐயில் காட்டுவது? இரண்டு பக்கமும் கைவிரித்து, வீட்டில் உட்கார்ந்த ஆளை எனக்குத் தெரியும். பீஸ் ரேட் வேலை வேண்டுமென்றால் வீட்டுக்கே வாங்கி வந்து செய்யுங்கள், கை மடிப்பது, நூல் பிசிறு வெட்டுவது என்று உண்டு, காசு குறைவு ஆனால் ஆபத்து இல்லை.

பங்குப்பார்வை

டிரேடிங்கை எல்லோரும் திட்டுவார்கள் என்று தெரியும். நான் மூன்று வருடமாக ஆப்ஷன் செய்கிறேன், லாபத்தில்தான் இருக்கிறேன். படித்துச் செய்தால் முடியும். 15,000 கட்டணம் அதிகம், ஆனால் வழியே தப்பு என்று சொல்ல முடியாது.

வரிக்கணக்கு

பங்குப்பார்வை, உங்களை நான் நம்புகிறேன். ஆனால் பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில் 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் டிரேடிங்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம். பல்லடத்தானுக்கு 2 லட்சம் என்றால் கிட்டத்தட்ட எட்டு மாதச் சம்பளம். அவர் மாசக் கடைசியில் கைமாற்று வாங்குகிற ஆள், இழந்தால் தாங்கக்கூடிய பணம் அவரிடம் இல்லை. ஃபீஸ் கட்ட ஜூனில் பணம் வேண்டும் என்ற நெருக்கடியோடு மார்க்கெட்டுக்குள் போகிறவன் நஷ்டத்தில் வெளியே வர மனசு வராமல் உட்கார்ந்திருப்பான். அந்த ஏழு சதவீதத்தில் நீங்கள் இருக்கலாம், அதைக் காட்டி அவருக்கு வழி சொல்லாதீர்கள்.

பங்குப்பார்வை

அவர் சம்பளத்துக்கு இது வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வழியே இல்லை என்பதை ஏற்கவில்லை.

தீவனக்கணக்கு

டெலிகிராம் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இதேதான் நடந்தது. முதலில் 150, அப்புறம் 900 வந்தது. பிறகு "பிரீபெய்டு டாஸ்க்" என்று 5,000 கட்டச் சொன்னார்கள், அதில் 6,500 திரும்பி வந்தது. அதற்கடுத்து 30,000. திரையில் 48,000 இருப்பதாகக் காட்டுகிறது, எடுக்கப் போனால் வரி கட்டு, டாஸ்க் பாதியில் நிற்கிறது இன்னும் 60,000 போடு என்று போய்க்கொண்டே இருந்தது. நகையை அடகு வைத்த பிறகுதான் வீட்டில் சொன்னாள். பணம் போன உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் பண்ண வேண்டும், நேரம் ஆக ஆக அந்தப் பணம் பல அக்கவுண்டுக்குப் பிரிந்துவிடும். இன்னொரு வகையும் இருக்கிறது, உங்கள் பேங்க் அக்கவுண்டை வாடகைக்குக் கேட்பார்கள், மாதம் பத்தாயிரம் தருகிறோம் என்று. அது மற்றவர்களிடம் அடித்த பணம் வந்து போகிற அக்கவுண்ட். வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

நம் பக்கம் ஏன் இவ்வளவு பேர் மாட்டுகிறார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். 2012இல் பெருந்துறையை மையமாக வைத்து ஈமு கோழிக் கம்பெனிகள் சரிந்தன. முன்பணம் கட்டு, குஞ்சும் தீவனமும் நாங்கள் தருகிறோம், மாதாமாதம் வளர்ப்புக்கூலி என்றார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் கறிக்கோழியில் அதே முறை உண்மையாகவே நடக்கிறது. கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும், நாற்பது நாள் சொச்சத்தில் எடை போட்டு எடுத்துக்கொண்டு கூலி தரும். வித்தியாசம் ஒன்றே ஒன்று: கறிக்கோழியைக் கடைசியில் யாரோ ஒருவர் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார். ஈமுவுக்கு அந்தக் கடைசி ஆள் இல்லவே இல்லை, புதிதாகச் சேர்கிறவன் கட்டிய பணம்தான் பழையவனுக்குக் கூலியாகப் போனது. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கான பேர் கூடினார்களே, போனில் விளம்பரம் பார்த்தால் பணம் தருகிற கம்பெனி மேல் போலீஸ் வழக்குப் போட்டதை எதிர்த்து. அதைப் பார்த்தபோதும் எனக்கு இதே கேள்விதான். நான் விளம்பரம் பார்ப்பதற்கு யார், எதற்காக, இவ்வளவு காசு கொடுப்பார்கள்? என்ன வேலை வந்தாலும் இதைக் கேளுங்கள் தம்பி, கடைசியில் காசு கொடுக்கிற ஆள் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது.

கைமாற்று

கையில் ஒரு லட்சம் இருந்தால் வட்டிக்கு விடலாம், சந்தையில் 3 வட்டி, 5 வட்டிக்கு ஆள் இருக்கிறார்கள். உடம்பு நோகாத வருமானம்.

நூல்கண்டு

இதை நான் கடுமையாக மறுக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் செய்வதே தப்பு. அதற்கு மேல் அதிக வட்டி வாங்கினால் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், 5 வட்டிக்கு வாங்குகிறவர் யார்? மாசக் கடைசியில் பல்லடத்தான் மாதிரி நிற்கிற ஆள்தான். தன் நிலைமையிலேயே இருக்கிற இன்னொருவரிடம் பிடுங்கித்தான் இவர் வீடு நிமிர வேண்டுமா?

ஊத்துக்குளி டீச்சர்

குறுக்கே ஒரு கேள்வி. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சாயங்காலம் டியூஷன் எடுக்கலாமா? தனியார் பள்ளியில் எடுக்கிறார்களே?

வரிக்கணக்கு

கூடாது டீச்சர். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. அதுபோக அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேறு இருக்கின்றன, அனுமதி இல்லாமல் வியாபாரமோ வேறு வேலையோ செய்ய முடியாது. எப்போதாவது இலக்கியம், கலை சார்ந்து ஏதாவது செய்வதற்கு இடம் உண்டு. வீட்டில் வேறு யாராவது தொழில் செய்தால் அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று உங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையில் இல்லாத படித்த பெண்களுக்கு டியூஷன் நல்ல வழி. எங்கள் தெருவில் ஒரு அம்மா இந்தி பிரசார சபா தேர்வுகளுக்குச் சொல்லிக்கொடுத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

காங்கயம் மாவு

நாங்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து இட்லி மாவு போடுகிறோம். அவர் பஸ் கம்பெனியில் வேலை, நான் வீட்டில். எல்லோரும் மாவு வியாபாரம் என்றால் லேசாக நினைப்பதால் கணக்கைச் சொல்கிறேன். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு ஆட்டினால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைய மாவு வரும், உளுந்து நல்லதாக இருந்தால் இன்னும் காணும். அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் போகக் கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் நிற்கும். கடைக்குப் போட்டால் அதிலும் அவர்களுக்கு ஒரு பங்கு. அதனால் தினம் இருபத்தைந்து கிலோ போனால்தான் மாதம் ஏழாயிரத்தைத் தொட முடியும்.

இருபத்தைந்து கிலோ என்றால் இரண்டு லிட்டர் வீட்டுக் கிரைண்டர் தாங்காது. சாய்த்து மாவைக் கொட்டுகிற பெரிய டில்டிங் கிரைண்டர் வேண்டும், அரிசி ஊறவைக்க இடம் வேண்டும், கழுவும் தண்ணீர் போக வழி வேண்டும். சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துக் கவர் உப்பிவிடும், விற்காததைத் திரும்ப எடுத்தாக வேண்டும். வாடகை வீட்டில் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால் ஈபியில் பிரச்சினை வரும், டாரிப்பை மாற்றிக்கொண்டுதான் செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், நாங்கள் எடுத்தபோது கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான், ஆன்லைனில் நாமே போடலாம். புரோக்கர் 2,500 கேட்டான். அதே மாதிரி சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம், அதற்கும் காசு கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

காலை நாலு மணிக்கு எழுந்து கவர் ஒட்டுகிறவர்களுக்குத்தான் இது சரிப்படும். எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஊரில் பாதி வீட்டில் எங்கள் மாவில்தான் இட்லி வேகிறது.

ஆரிக்கொக்கி

பல்லடத்தான் அண்ணா, நீங்கள் "என் மனைவிக்கு பிளவுஸ் தைக்கத் தெரியும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். இந்த இழையில் வந்த எல்லாவற்றையும்விட அதில்தான் காசு இருக்கிறது, அதை யாருமே பேசவில்லை.

நான் சோமனூரில் தைக்கிறேன். சாதா பிளவுஸ் 150, லைனிங் வைத்தால் 300, 350. ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் ஜரி, மணி வைத்துப் போடும் எம்பிராய்டரி) போட்ட பிளவுஸ் 1,500இல் ஆரம்பித்து ஐயாயிரம், ஏழாயிரம் வரை போகிறது. முகூர்த்தச் சேலை எடுத்த கையோடு பிளவுஸுக்கு வந்துவிடுவார்கள். ஆரி கற்றுக்கொள்ள மூன்று மாதம் போதும், ஸ்டாண்டு, ஃபிரேம், ஊசி, ஜரி, மணி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் அடங்கும். முதலில் ஓரத்தில் எளிய செயின் தையல் போட்டுப் பழகி, சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குச் செய்து அந்தப் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தால் அடுத்த ஆர்டர் தானே வரும். கால் மிஷினாக இருந்தால் மோட்டார் மாட்டிக் கொடுங்கள், முழங்கால் தப்பிக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பையனைப் பார்த்துக்கொண்டு, மாமனாருக்கு மாத்திரை கொடுத்து, சமைத்து, அதற்கு மேல் அவர் குனிந்து உட்கார்ந்து தைக்க வேண்டும். நீங்கள் எட்டேகாலுக்கு வந்து பையனுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்தால் அவருக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். அவர் சம்பாதிப்பது அவர் அக்கவுண்டில் போகட்டும். வீட்டுக்கு எவ்வளவு தருவது என்பதை அவரே சொல்லட்டும். நீங்கள் போய் ஒரு கடைக் கணக்கு கூடுதலாகப் பிடிப்பதைவிட, வீட்டில் இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுப்பது அதிகக் காசு கொண்டுவரும் என்பது என் கணக்கு.

ரெண்டாம் ஷிப்ட்

இந்தத் தங்கச்சி சொல்வது சரி. என் வீட்டிலும் இப்படித்தான், நான் ஞாயிறு முழுக்க வெளியே இருந்தால் வீட்டு வேலை அத்தனையும் ஒரே ஆள் தலையில். அதைக் கணக்கில் எடுக்காமல் நான் ஆயிரம் சம்பாதித்தேன் என்று சொல்ல முடியாது.

பல்லடத்தான்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டெலிகிராம் ஆளை பிளாக் பண்ணிவிட்டேன், டிரேடிங் வகுப்புக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆரிக்கொக்கி எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பல்லடத்தில் எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண் போய்க்கொண்டிருக்கிறாளாம்.

ஆபீஸில் ஹெச்ஆரிடம் கேட்டேன். ஆபீஸ் நேரத்துக்கு வெளியே, கம்பெனியோடு வியாபாரத் தொடர்பு இல்லாத கடைகளுக்குப் பார்ப்பதில் ஆட்சேபம் இல்லை என்றார், எங்கள் கம்பெனிக்கு வேலை செய்து தருகிற ஜாப் ஒர்க் யூனிட்களின் கணக்கை மட்டும் தொடவே கூடாது என்றார். வாயால் சொன்னார். இன்சூரன்ஸ் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்தக் கூடுதல் வருமானத்துக்கு வரி எப்படி, ஸ்விக்கி மாதிரி டெலிவரி ராத்திரியில் ஓட்டினால் எப்படி என்றும்.

கோவை ஐடி

ஹெச்ஆர் சொன்னதையே "இன்று பேசியபடி" என்று ஒரு மெயிலாக நீங்கள் அனுப்பி, ஓகே என்று பதில் வாங்கி வையுங்கள். ஆள் மாறினால் வாய்வார்த்தை போய்விடும்.

டெலிவரி: சொந்த வண்டிக்கு எடுத்த இன்சூரன்ஸ் சொந்த உபயோகத்துக்குத்தான். தொழிலுக்கு ஓட்டும்போது விபத்தானால் க்ளெய்ம் சிக்கலாகும், அதைக் கம்பெனியிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பெட்ரோல், டயர், சர்வீஸ் கழித்து, பகல் முழுக்க வேலை பார்த்த களைப்போடு பல்லடம் ரோட்டில் ராத்திரி லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதற்கு அந்தக் காசு போதாது என்பது என் அபிப்பிராயம்.

தீவனக்கணக்கு

இன்சூரன்ஸ் நேர்மையான வேலைதான். பத்தாம் வகுப்பு, ஒரு குறுகிய பயிற்சி, ஒரு தேர்வு, அவ்வளவுதான் தகுதி. முதல் வருடம் மாமா, சித்தப்பா, கூட வேலை பார்ப்பவர் என்று பாலிசி போட்டு வாங்கிவிடலாம். இரண்டாவது வருடம் புது ஆள் தேட வேண்டும், அங்கேதான் முக்கால்வாசிப் பேர் நின்றுபோகிறார்கள். எட்டேகாலுக்கு வீடு வருகிறவர் எப்போது நாலு வீடு ஏறி இறங்குவது? ஆனால் கடைக் கணக்கு பார்க்க ஆரம்பித்தால் அந்தக் கடைக்காரர்களே தீ விபத்துப் பாலிசி, வண்டிப் பாலிசி கேட்பார்கள். அப்போது யோசியுங்கள்.

வரிக்கணக்கு

வரி: மாதம் 6,000 வந்தால் வருடத்துக்கு 72,000. கணக்கெழுதுவது தொழில்முறைச் சேவை, 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ பிரிவின் கீழ் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், செலவு பில் வைக்கத் தேவையில்லை. 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம், பிரிவு எண் வேறு, முறை அதேதான். ரிட்டர்ன் போடும்போது சம்பளத்துக்கான ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-4 போட வேண்டும். உங்கள் சம்பளத்தோடு சேர்த்தாலும் நாலு லட்சத்தைத் தாண்டாது. புதிய முறையில் 2025-26க்கு 12 லட்சம் வரை வரியே வராது. அப்படியும் ரிட்டர்ன் போடுங்கள், நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அந்த வருமானம் காகிதத்தில் இருக்க வேண்டும். மனைவி தைத்துச் சம்பாதிப்பது அவர் உழைப்பு, அவர் வருமானம், உங்களோடு சேராது. கடைக்காரர் பணத்தை யுபிஐயில் வாங்கினால் சம்பளம் வராத வேறொரு சேமிப்புக் கணக்கில் வாங்குங்கள், வருடக் கடைசியில் தேடும் வேலை மிச்சம்.

கட்டணத்தை முதல் மாதமே சொல்லிவிடுங்கள். "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்றால் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பழைய வருடப் பாக்கிப் பதிவுகளை ஏற்றச் சொன்னால் அதற்குத் தனிக் காசு.

தீவனக்கணக்கு

தம்பி, பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குத் தெரிந்த தீவனக்கடை ஒன்று, காலாண்டுத் தாக்கல்தான். பார்த்துக்கொண்டிருந்த பையன் கல்யாணமாகிச் சென்னை போய்விட்டான், இரண்டு மாதப் பில் ஏறாமல் கிடக்கிறது. ராத்திரி ஒன்பதரை வரை கடை திறந்திருக்கும். 1,800 கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், வியாழக்கிழமை ராத்திரி நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

பல்லடத்தான்

அனுப்பிவிட்டேன் அண்ணா. வியாழன் எட்டரைக்கு வந்துவிடுகிறேன். அந்த இரண்டு மாதப் பாக்கிக்குத் தனியாக எவ்வளவு கேட்பது, வரிக்கணக்கு அண்ணா?

வரிக்கணக்கு

முதலில் பில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். முந்நூறுக்குள் இருந்தால் ஒரு மாதக் கட்டணம் கேளுங்கள், அதற்கு மேல் இருந்தால் இரண்டு. 2பியை இறக்கிப் பார்க்காமல் தொகை சொல்லிவிடாதீர்கள்.